இடது கையில் கட்டு

என் மகள் இளவேனிலுக்கு மேட்ச் அன்றைக்குக் கை வலிக்கும். மற்ற நாட்களில் வலிக்காது.

நாங்கள் இருப்பது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். முன்னறையில் டிவிக்கு இடம் ஒதுக்குவதற்கு முன்பே கேரம் போர்டுக்கு இடம் ஒதுக்கிவிட்டார் என் வீட்டுக்காரர் பூவரசன். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவியதும் மகளோடு போர்டில் உட்கார்ந்துவிடுவார். அவள் நாலாவது படிக்கும்போது ஆரம்பித்த பழக்கம். இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். வேனில் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். போர்டின் எந்த மூலையில் காய் ஒளிந்திருந்தாலும் எடுத்துவிடுவாள். ஆடும்போது அவள் முகத்தைப் பார்த்தால் அது வேறு பெண். போர்டை விட்டு எழுந்துவிட்டால் பழையபடி துப்பட்டா நுனி வாய்க்குப் போய்விடும். மளிகைக் கடைக்காரர் "என்னம்மா வேணும்" என்று அவளைக் கேட்டால், அவள் என்னைப் பார்ப்பாள். நான் அவருக்குச் சொல்வேன்.

ஸ்கூல் டீமில் சேர்ந்ததிலிருந்துதான் இந்தக் கை வலி. மேட்ச் அன்றைக்குக் காலையில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் தைலம் தேய்த்து, காக்கி நிறத்தில் கிரேப் பேண்டேஜ் ஒன்று வைத்திருக்கிறோமே, அதைச் சுற்றி அனுப்புவேன். தோற்று வந்தால் "கை மட்டும் நல்லா இருந்திருந்தா அடிச்சிருப்பா" என்று குவார்ட்டர்ஸில் எல்லோரும் சொல்வார்கள். ஜெயித்தால் "அந்த வலியோட ஜெயிச்சிருக்கு பாரேன் புள்ள" என்பார்கள். எங்களுக்கு இரண்டுமே இதமாகத்தான் இருந்தது. மேட்சுக்கு முன்னாலேயே "அவளுக்குக் கை சரியில்லைங்க" என்று நாலு பேரிடம் சொல்லி வைப்பதும் என் வேலைதான். கண் படாமல் இருக்குமல்லவா?

ஒரு தடவை ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடிக்க, அவளே அவசரமாகக் கட்டிக்கொண்டு ஓடினாள். அங்கே விளையாட்டு டீச்சர் வள்ளிக்கண்ணு அவளை நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

"நீ சோத்துக்கையில தானடி ஆடுவ?"

"ஆமா மிஸ்."

"அப்ப கட்டு ஏன் பீச்சாங்கையில இருக்கு?"

மறுநாள் எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வாரம் ஒரு நாள் வருகிற மனநல ஆலோசகர் ஒருவர் அங்கே இருக்கிறார். பெயர் பிலோமின்ராஜ். சின்ன வயசுதான். லேப் பக்கத்தில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிய அறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டு நாளா தொண்டை கட்டியிருக்குங்க. இன்னைக்கு நான் எவ்வளவு தெளிவா பேசுவேன்னு தெரியல. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

பாவமாக இருந்தது. மிளகு போட்டுப் பால் குடிக்கச் சொன்னேன்.

"சார், எம்பொண்ணு பொய் சொல்றவ கிடையாது" என்றார் பூவரசன், எடுத்த எடுப்பிலேயே.

"பொய்னு நானும் சொல்லலையே. வலி நிஜமாவே இருக்கும். ஆனா ஏன் மேட்ச் அன்னைக்கு மட்டும் வருது, அதான் கேள்வி. கூச்சப்படுற புள்ளைங்க நிறைய பேரு இப்படிப் பண்ணுவாங்க. தோத்தா பழி கைமேல போயிடும், இவங்க மேல வராது. ஜெயிச்சா ரெட்டைப் பெருமை. எப்படிப் பாத்தாலும் லாபம்."

"அப்புறம் என்ன சார், நல்லதுதானே?" என்றேன். உண்மையாகவே எனக்கு அப்படித்தான் பட்டது.

"ஒரே ஒரு நஷ்டம்தாங்க. முழுசா ஆடுனா தன்னால எவ்வளவு முடியும்ங்கிறது அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது." அப்புறம் மகள் பக்கம் திரும்பினார். "வேனில், வீட்ல அப்பாவை எப்பவாவது ஜெயிச்சிருக்கியாம்மா?"

அவள் துப்பட்டாவுக்குள்ளேயே சொன்னாள். "தெரியல சார்."

"ஜெயிச்சா தெரியாதா?"

"அவருக்குத் தோள்பட்டை வலி சார். ஆட உக்காரும்போதே சொல்லிடுவாரு. நான் அவரை ஜெயிச்சேனா, அவரு தோள்பட்டையை ஜெயிச்சேனான்னு தெரியல."

பூவரசன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.

பிலோமின்ராஜ் சார் கடைசியில் எங்களுக்கு ஒரு சட்டம் போட்டார். இனிமேல் வீட்டில் யாரும், எந்தக் காரியத்துக்கும், முன்கூட்டிச் சாக்குச் சொல்லக் கூடாது. என்ன சொல்வதாக இருந்தாலும் காரியம் முடிந்த பிறகு சொல்லலாம். மேட்ச் முடிந்து வந்தால் ஜெயித்தாயா தோற்றாயா என்று ஆரம்பிக்காமல், எந்தக் காயை ஏன் அப்படி அடித்தாய் என்று பேச வேண்டும். மகளுக்குத் தனியாக ஒரு வேலை. ஆட உட்கார்ந்ததும் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து "நான் ரெடி" என்று சொல்ல வேண்டும். கட்டு கிடையாது.

"அவ்வளவுதானா?" என்றார் பூவரசன்.

"அவ்வளவுதாங்க. வீட்ல எல்லாரும் பண்ணாத்தான் அவளும் பண்ணுவா."

அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் மாட்டிக்கொண்டேன். தட்டு வைத்தேன், சோறு வைத்தேன், கரண்டியில் சாம்பாரை எடுத்தேன். ஊற்ற முடியவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து "இன்னைக்கு சாம்பார் சரியா வரல, பருப்பு வேகல" என்று சொல்லாமல் நான் யாருக்கும் ஊற்றியதே இல்லை. நன்றாக வந்த அன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

"என்ன பானு, கரண்டியப் புடிச்சிட்டு நிக்கிற?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஏதாவது சொல்லணுமா?"

"சாப்ட்டு முடிச்சப்புறம் சொல்றேன்."

மகள் சிரித்தாள். அடுத்த முறை பூவரசன் மாட்டினார். ஸ்கூட்டரை எடுக்கும்போது "வண்டி இழுக்கல, லேட்டாதான் போவும்" என்று சொல்ல வாயெடுத்து, அப்படியே மூடிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. நாங்கள் பேசுவதில் பாதி இதுதான் போலிருக்கிறது.

நடுவில் தொட்டியத்திலிருந்து என் நாத்தனார் ஆனந்தவள்ளி ஒரு தார் பூவன் பழத்தோடு வந்தார். உள்ளே கால் வைக்கும்போதே, "பஸ்ல ஒருத்தன் மூட்டைய மேல வச்சிட்டான் பானு, பழம் அங்கங்க அடிபட்டிருக்கும், ஒண்ணும் நெனச்சுக்காத" என்றார்.

"அக்கா, இந்த வீட்ல தின்னு முடிச்சப்புறம்தான் அதெல்லாம் சொல்லணும்" என்றார் பூவரசன்.

"என்னடா கூத்து இது?"

விஷயத்தைச் சொன்னோம். ஆனந்தவள்ளி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "வயசுப் பொண்ணு நாலு பேர் முன்னாடி உக்காந்து நான் ரெடிங்கிறதா? கண்ணு வைக்கவா ஆளில்ல? நாங்கள்லாம் பரீட்சைக்குப் போறப்ப ஒண்ணுமே படிக்கலன்னு சொல்லிட்டுத்தான் போவோம்."

"பாஸ் பண்ணீங்களா அத்தை?" என்றாள் வேனில்.

"பண்ணல. படிக்கலயே!"

அப்படிக் கேட்டுவிட்டு மகளே பயந்துபோய்த் துப்பட்டாவைத் தேடினாள். வீட்டு மனிதரிடம்தான் என்றாலும், அப்படிக் குறுக்கே ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் ரெடி" மட்டும் லேசில் வரவில்லை. முதலில் கண்ணாடியில் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடியையே பார்க்க முடியாமல் சொன்னாள். பிறகு என்னிடம் சொன்னாள். அப்புறம் பூவரசன் அவளை ரயில்வே இன்ஸ்டிடியூட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே சாயங்காலம் பெரியவர்கள் கேரம் ஆடுவார்கள். நஸ்ருல்லா என்ற ரிட்டயர்டு சார்ஜ்மேன் எதிரே உட்கார்ந்தாராம். இவள் தலையைக் குனிந்துகொண்டு போர்டிடம் "நான் ரெடி" என்றிருக்கிறாள். "போர்டு எப்பவும் ரெடிதாம்மா, நான்தான் இன்னும் உக்காரல" என்றாராம் அவர். அங்கேயே போய்ப் போய், ஒரு நாள் அவர் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிட்டாள். அன்று அவரிடம் மோசமாகத் தோற்றாள். வீட்டுக்கு வந்து, "மூலைக் காயை கட் பண்ணியிருக்கணும், நேரா அடிச்சிட்டேன்" என்றாள். கை பற்றிப் பேச்சே இல்லை. நான் பீரோவுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மாவட்டப் போட்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். ஜெயிக்கிற ஒரு பெண்தான் மாநிலப் போட்டிக்குப் போவாள். ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் அன்றைக்கு அதுகூட இரண்டாவதுதான். கட்டு இல்லாமல் கடைசி வரைக்கும் ஆடிவிடுவாளா? எனக்கு அதுதான் அடித்துக்கொண்டது. பேண்டேஜை நான் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பூட்டியதை அவளிடம் சொல்லவும் இல்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறினோம். ஞாயிற்றுக்கிழமை, சன்னிதிக்குப் போகிற கூட்டம். எனக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது, மகளுக்குப் பின்பக்கம் ஜன்னல் ஓரத்தில். பூவரசன் நின்றுகொண்டு வந்தார். காவேரிப் பாலம் ஏறும்போது பின்னாலிருந்து டமார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். பழைய டவுன் பஸ், ஜன்னல் ஷட்டர் தானாக இறங்கியிருந்தது. பக்கத்தில் இருந்தவர் அதை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். மகள் வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும்தான் கவனித்தேன். வலது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள்.

வேறு ஏதோ துணியைச் சுற்றிக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்க் காதோடு கேட்டேன்.

"கட்டு கிட்டு போட்டிருக்கியாடி?"

"இல்லம்மா."

"கையக் காட்டு."

"அம்மா, சத்தியமா கட்டு இல்ல. விடும்மா."

சத்தியம் என்றதும் விட்டுவிட்டேன். கட்டு இல்லை என்பது உண்மைதானே.

காலையில் இரண்டு மேட்ச் ஜெயித்தாள். நாங்கள் பெற்றோர்கள் உட்காரும் பெஞ்சில் தூரத்தில் இருந்தோம். சாப்பாடும் பிள்ளைகளுக்கு உள்ளேயே கொடுத்துவிட்டார்கள். பூவரசன் எட்டி எட்டிப் பார்த்தார். மதியம் ஃபைனல். எதிரே உறையூரிலிருந்து வந்த மஜீதா. வெள்ளை முக்காட்டில் அந்தப் பெண் அமைதியாக ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் மகள் அவள் முகத்தை நேராகப் பார்த்து வாயைத் திறந்தாள். எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்கு உதடு எப்படிப் போகும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்று கேமில் இரண்டு ஜெயிக்க வேண்டும். முதல் கேம் மஜீதாவுக்கு.

"பானு, இவ ஏன் நடு விரல்ல அடிக்கிறா?"

"புது டெக்னிக்கா இருக்கும். நஸ்ருல்லா பாய் சொல்லிக் குடுத்திருப்பாரு."

"அவரு ஆள்காட்டி விரல்லதான் அடிப்பாரு."

"சும்மா இருங்க. முன்னாடியே ஏதாவது சொல்லாதீங்க."

இரண்டாவது கேமை வேனில் எடுத்தாள். மூன்றாவதில் கடைசி ரவுண்டு வரை இழுத்தது. சிவப்புக் காயை மகள்தான் போட்டாள். சிவப்பைப் போட்டால் உடனே அடுத்த அடியில் தன் காய் ஒன்றையும் போட வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு திரும்பப் போர்டுக்கு வந்துவிடும். ஃபாலோ என்பார்கள். அவள் காய் குழியின் வாயில் நின்றது. அடித்தாள். காய் குழியின் விளிம்பில் முட்டி, யோசித்து, வெளியே நின்றுகொண்டது. மஜீதா நிதானமாகச் சிவப்பை எடுத்தாள், ஃபாலோவையும் போட்டாள். முடிந்தது.

வேனில் எழுந்து அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்தாள். இடது கை. அப்புறம் எங்களிடம் வந்து வலது கையைத் துப்பட்டாவிலிருந்து எடுத்தாள். ஆள்காட்டி விரல் கத்தரிக்காய் நிறத்தில், கத்தரிக்காய் மாதிரியே வீங்கியிருந்தது.

"ஐயோ! என்னடி இது?"

"பஸ்ல ஷட்டர் விழுந்துடுச்சும்மா."

"காலையிலயா? ஏண்டி சொல்லல?"

"முன்னாடி சொல்லக்கூடாதுன்னுதானேம்மா ரூலு?"

பூவரசன் விரலைத் தொடாமல் குனிந்து பார்த்தார். எனக்கு ஆயிரம் பேச்சு வந்தது. இத்தனை வருஷமாக இல்லாத வலிக்குக் கட்டுப் போட்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு ஒரு நிஜமான அடி. ஊதா நிறத்தில், யார் பார்த்தாலும் உச்சுக் கொட்டுகிற மாதிரி. மேட்சும் முடிந்துவிட்டது, சட்டப்படி இனி சொல்லலாம். நாலு பேரிடம் சொல்ல எழுந்தேவிட்டேன்.

அதற்குள் மஜீதாவின் அம்மா எங்களிடம் வந்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. எம்பொண்ணுக்கு நேத்துலேருந்து காய்ச்சல். ஒரு வாய் சாப்பிடல. ஏதோ அல்லா கிருபையில ஜெயிச்சிட்டா. இல்லன்னா உங்க பொண்ணு எங்க, இவ எங்க."

மஜீதா பின்னால் நின்று ஒரு முழு சமோசாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவைப் பார்க்கக் கண்ணாடி பார்ப்பது போல இருந்தது. நான் வாயைத் திறந்தேன். விரல், ஷட்டர், காவேரிப் பாலம் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. மகள் என்னைப் பார்த்தாள். மளிகைக் கடையில் பார்ப்பாளே, அந்தப் பார்வை இல்லை. எனக்காக நீ பேச வேண்டாம் என்கிற பார்வை.

"உங்க பொண்ணு நல்லா ஆடுனாங்க" என்றேன்.

"ஆமா, உங்க பொண்ணு கையில எப்பவும் கட்டு இருக்குமே. இன்னைக்கு இல்லையே, வலி போயிடுச்சா?"

வேனில் விரலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"போயிடுச்சு ஆன்ட்டி" என்றாள். துப்பட்டா வாயில் இல்லை.

வெளியே ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் துணியில் சுற்றி விரலில் வைத்தோம். பூவரசனுக்குக் கோபம் தாங்கவில்லை. அங்கேயே நின்று பிலோமின்ராஜ் சாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்ன சார் ரூல் போட்டீங்க? புள்ள அடிபட்ட விரலோட நாள் பூரா ஆடியிருக்கு!"

அவர் பதறிவிட்டார். "ஐயையோ, நிஜமான அடியைச் சொல்லணும்ங்க! அது சாக்கு இல்ல, அது அடி. முதல்ல டாக்டர்கிட்டப் போங்க. இந்த வித்தியாசத்தை நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். தொண்டை சரியில்லாம இருந்துச்சு, அதான் விட்டுப்போச்சு."

"ஆமா சார்" என்றார் பூவரசன். "அதை நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்க."

போனில் அவர் சிரித்துவிட்டார், வெட்கத்தோடு. நல்ல மனுஷன். மகளிடம் கொடுக்கச் சொன்னார்.

"வேனில், உன்மேல தப்பில்ல, நான் சரியா சொல்லல. அடிபட்டா அப்பவே சொல்லணும், சரியா? இப்ப சொல்லு, எப்படித் தோத்த?"

"சிவப்பைப் போட்டதும் சந்தோஷத்துல ஃபாலோவுக்கு அவசரப்பட்டுட்டேன் சார்."

"விரல்?"

"ரெண்டாவது கேம் ஜெயிச்சதும் இதே கைதானே சார்."

பூவரசனால் விட முடியவில்லை. "விரல் நல்லா இருந்திருந்தா, கண்ணு?"

அவள் ஐஸைத் திருப்பி வைத்துக்கொண்டு யோசித்தாள். "தெரியலப்பா. ஆனா அந்த ஃபாலோவுக்கு அப்பவும் அவசரப்பட்டிருப்பேன்னு நினைக்கிறேன். மஜீதா அவசரப்படவே இல்ல, பாத்தீங்களா? அவகிட்ட நம்பர் வாங்கியிருக்கேன்."

"நீயா வாங்குன?" என்றேன் நான்.

"பின்ன நீயாம்மா?"

எலும்பில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டிவிட்டார். வீட்டுக்கு வந்த வழியெல்லாம் குவார்ட்டர்ஸ்காரர்கள் அதைப் பார்த்து, "வழக்கம்போல கட்டா?" என்று கேட்டார்கள். நிஜமாக அடிபட்ட அன்றைக்கு ஒருத்தரும் நம்பவில்லை. நானும் விளக்கவில்லை.

வீக்கம் வடிந்து ஒட்டுப் பிரித்த அன்றைக்குச் சாயங்காலம் அவளே போர்டைத் துடைத்துப் பவுடர் போட்டுக் காய் அடுக்கினாள். பூவரசன் ஷிப்ட் முடிந்து வந்து எதிரே உட்கார்ந்தார். கை தானாகத் தோள்பட்டைக்குப் போயிற்று.

"இன்னைக்கு ஷெட்டுல என்ன வேலைங்கிற, எனக்கு இந்தத் தோளு..."

"நிஜமா வலிக்குதாப்பா? வலிச்சா வேணாம், நாளைக்கு ஆடலாம்."

அவர் தோளைச் சுழற்றிப் பார்த்தார். மேலே தூக்கிப் பார்த்தார். அது நன்றாகத்தான் சுற்றியது.

"வலிக்கல" என்றார், ஏமாந்துபோனவர் மாதிரி.

"அப்ப ஆடி முடிச்சப்புறம் பேசுங்க. நான் ரெடி."

அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் முழுசாக ஆடி நான் பார்த்தேன். நெற்றியில் வேர்வை. பேச்சில்லை. நான் சாப்பிடக் கூப்பிட்டது இரண்டு பேர் காதிலும் விழவில்லை. சாம்பாரில் அன்றைக்கு நிஜமாகவே உப்பு தூக்கல், நிஜமாக இருந்தால் முன்னாடியே சொல்லலாமா என்று பிலோமின்ராஜ் சாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் காய் விழுந்தது. மகளுடையது. அவள் குதிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப சொல்லலாம்ப்பா. ஏதாவது இருந்தா சொல்லுங்க."

பூவரசனின் கை மறுபடி தோளுக்குப் பாதி தூரம் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு இறங்கிப் போர்டில் கிடந்த பவுடரைத் தட்டியது.

"என்னத்தச் சொல்றது" என்றார். "காய அடுக்கு."